மாஸ்க் கிழியும் வரை காத்திருக்க வேண்டாம்: சீபாப் பாவிக்கத் தொடங்கியவர்களுக்கு

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்காக சீபாப் (CPAP) என்ற, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் இயந்திரத்தைப் பாவிக்கத் தொடங்கிய ஒருவர் முதல் மாதத்தில் கேட்பதெல்லாம் இயந்திரத்தைப் பற்றித்தான். சத்தம் போடுமா, மின்சாரம் எவ்வளவு இழுக்கும், மூக்குக் காயுமா என்று கேட்பார். ஒரு வருடம் கழித்து அவரே வேறொரு கேள்வியோடு வருவார்: "இயந்திரம் ஓடுகிறது, காற்றும் வருகிறது. பிறகு ஏன் பகலில் மறுபடி கண் சொக்குகிறது?" இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கானது.

எனக்கும் அது நடந்தது. நான் கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். இயந்திரம் வாங்கிய மூன்றாம் வருடத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையிலேயே தலை சாயத் தொடங்கியது. குறட்டை திரும்பிவிட்டது என்று மனைவி சொன்னார். நோய் முற்றிவிட்டது என்று பயந்து வைத்தியரிடம் போனேன். அவர் முதலில் மாஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகத்தில் படும் சிலிக்கன் குஷனை நான் பதினான்கு மாதமாக மாற்றவில்லை. அடுத்த கிழமை புதியது வந்தது. மூன்றாம் இரவில் குறட்டை இல்லை. உள்ளங்கை அளவுச் சிலிக்கனுக்காக இரண்டு மாதத் தூக்கத்தை இழந்திருந்தேன்.

ஏன் அந்தச் சிறிய துண்டு இவ்வளவு முக்கியம்? தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. இயந்திரம் அனுப்பும் காற்றின் அழுத்தம் அந்தப் பாதையை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கிறது. நோயாளிக்கு ஏற்ப அது 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரழுத்தம் வரை இருக்கும். சாதாரண ஊதலை விடப் பெரியதல்ல. விளிம்பில் ஒழுக்குக் கூடினால் தொண்டைக்குப் போய்ச்சேர வேண்டிய அழுத்தம் குறைந்துவிடும். கொலின் சலிவன் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் 1981இல் இந்தச் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தபோது, மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் நோயாளியின் மூக்கில் பசையால் ஒட்ட வேண்டியிருந்தது. இன்று அந்தப் பசையின் வேலையை மெல்லிய சிலிக்கன் மடிப்பு ஒன்று செய்கிறது. அது தளர்ந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரமானாலும் வெறும் காற்றாடிதான்.

வெளிநாட்டு அட்டவணையும் எங்கள் வீடும்

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடம் கேட்டால் ஓர் அட்டவணையை அனுப்பிவைப்பார்கள். பெரும்பாலும் அது அமெரிக்காவின் மெடிகெயர் காப்புறுதி வகுத்த கணக்கு: மூக்கு மாஸ்க்கின் குஷன் மாதத்துக்கு இரண்டு, வாயையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கின் குஷன் மாதத்துக்கு ஒன்று, மாஸ்க் சட்டகமும் குழாயும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தலைப்பட்டியும் தண்ணீர்த் தொட்டியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கழுவ முடியாத வடிகட்டி மாதத்துக்கு இரண்டு. இதைப் பார்த்துப் பலர் மலைத்துப்போகிறார்கள். அவ்வளவும் வாங்க முடியாதே என்று நினைத்து, கடைசியில் எதையுமே மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த எண்கள் காப்புறுதி எவ்வளவுக்குப் பணம் கொடுக்கும் என்பதன் உச்ச வரம்பு. அந்தத் திகதியில் பொருள் பழுதாகிவிடும் என்பது அவற்றின் அர்த்தமல்ல. கைக்காசு கொடுத்து, கொழும்பிலிருந்தோ கடல் கடந்தோ வரவழைக்கும் எங்களுக்கு வேறு வழி வேண்டும். திகதி வந்ததும் மாற்றுவதை விட, பொருள் காட்டும் அறிகுறியைப் பார்த்து மாற்றுங்கள். ஆனால் அந்த அறிகுறியைத் தேடிப் பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் பார்க்கிறேன். பதினைந்து நிமிடம் போதும்.

முதலில் கசிவு, பிறகு மற்றது

எதையும் கழற்றுவதற்கு முன் இயந்திரத்தின் திரையைப் பாருங்கள். இப்போதைய இயந்திரங்கள் அநேகமாக எல்லாமே முந்திய இரவின் கணக்கை வைத்திருக்கும். அதில் இரண்டு விடயம் போதும். ஒன்று காற்றுக் கசிவு. ரெஸ்மெட் நிறுவனத்தின் இயந்திரங்களில் நிமிடத்துக்கு 24 லீற்றர் வரையான கசிவை ஏற்கலாம். எண் காட்டாத வகைகளில் மாஸ்க் பொருந்தியதா என்பதைச் சிரித்த முகமும் சோர்ந்த முகமும் சொல்லும். மற்றது ஏ.எச்.ஐ. என்ற எண்: ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது. சிகிச்சை சரியாக நடந்தால் அது பெரும்பாலும் ஐந்துக்குக் கீழே நிற்கும்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கசிவும் கூடி ஏ.எச்.ஐ.யும் கூடியிருந்தால் சந்தேகம் மாஸ்க் மீதுதான். கீழே சொல்வதைச் செய்து பாருங்கள். கசிவு பழையபடியே இருக்க ஏ.எச்.ஐ. மட்டும் பல நாட்களாக ஏறிக்கொண்டு போனால், புதிய மாஸ்க் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அது உங்கள் வைத்தியர் பார்க்க வேண்டிய மாற்றம். உடல் நிறை கூடியிருக்கலாம், அழுத்தத்தைத் திருத்த வேண்டியிருக்கலாம். அழுத்தத்தை நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. தடிமன் பிடித்த இரவிலும் கசிவு கூடும். ஒரு கிழமை தொடர்ந்து கூடினால்தான் அது செய்தி.

குஷன்: விரலாலும் வெளிச்சத்தாலும்

முகத்தில் படும் மென்மையான பகுதியைத்தான் பெட்டியில் குஷன் என்று எழுதியிருப்பார்கள். எல்லாவற்றிலும் முதலில் களைப்பது இதுதான்.

காலையில் கழுவித் துடைத்த பிறகு யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். புதிய சிலிக்கன் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். மங்கி, மஞ்சள் பாரித்து, மேகம் படிந்ததுபோல் இருந்தால் முகத்தின் எண்ணெய் உள்ளே ஊறிவிட்டது. அடுத்து விளிம்பைப் பெருவிரலால் அழுத்தி விடுங்கள். உடனே திரும்பி எழ வேண்டும்; சோம்பேறித்தனமாக மடிந்தே கிடந்தால் முடிந்தது. கழுவிய பிறகும் பிசுபிசுப்பு நின்றால் அதுவும் அடையாளம். மூக்கின் பாலத்தில் உட்காரும் மடிப்பையும் வாய்க்கோடியில் முடியும் மடிப்பையும் மெல்ல விரித்துப் பாருங்கள். நகக்கீறல் அளவான வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

இவையெல்லாம் தெரிவதற்கு முன்பே உங்கள் கை சொல்லிவிடும். சில மாதங்களுக்கு முன்பு இருந்ததை விடப் பட்டியை இறுக்கிக் கட்டுகிறீர்களா? காலையில் மூக்கின் மேல் சிவந்த கோடு நிற்கிறதா? விடியப்புறத்தில் கண்ணுக்குள் காற்று அடித்து எழும்புகிறீர்களா? தளர்ந்த குஷனை இறுக்கத்தால் ஈடுகட்டப் பார்க்கிறீர்கள் என்பதுதான் அதன் பொருள். இறுக்கினால் புண்தான் மிஞ்சும்.

எங்கள் பழக்கங்கள் சில குஷனின் ஆயுளைக் குறைக்கின்றன. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அப்படியே மாஸ்க் போடுவது ஒன்று. முகத்தில் பூசும் கிறீம் இன்னொன்று. பின்னேரம் கோயிலுக்குப் போய்வந்த நெற்றியில் திருநீறு இருக்கும். நெற்றியில் பட்டை தாங்கும் மாஸ்க் என்றால் அந்தத் தூள் பட்டைக்கும் குஷனுக்கும் இடையில் சேர்ந்துவிடும். படுக்கும் முன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாஸ்க்கை எடுங்கள். குஷன் அதிக காலம் தாங்கும். கட்டுப்பல் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்லோடு அளவெடுத்த மாஸ்க், பல்லைக் கழற்றிவிட்டுப் படுத்தால் கன்னம் உள்வாங்குவதால் ஒழுகும். அங்கே மாற்ற வேண்டியது குஷனின் அளவு.

கழுவுவதற்கு வாசனையில்லாத குழந்தைச் சவர்க்காரமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். கிருமிநாசினித் திரவம், ஸ்பிரிட், புளீச் எதுவும் வேண்டாம். அவை சிலிக்கனைக் கெடுக்கும், வாடை மூச்சோடு உள்ளே போகும். வெயிலில் காயவைக்கவே வேண்டாம். ஒடியலும் வடகமும் காயவைக்கும் எங்கள் முற்றத்து வெயில் மருந்துபோலத்தான் தோன்றும், ஆனால் சிலிக்கனை அது சீக்கிரமே கெடுத்துவிடும். நிழலில் ஒரு துவாயின் மேல் வையுங்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் என் குஷன் ஐந்து, ஆறு மாதம் நிற்கிறது. தாடி வைத்திருப்பவருக்கும் அதிகம் வியர்ப்பவருக்கும் அதற்கு முன்பே முடியலாம். என் கணக்கை உங்கள் கணக்காக எடுக்க வேண்டாம்.

தலைப்பட்டிக்கு ஒரு பேனா அடையாளம்

புதிய தலைப்பட்டி வந்த அன்று, சரியான இறுக்கத்தில் வெல்க்ரோ முடியும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மாதங்கள் போக, அதே இறுக்கத்துக்கு அந்தக் கோட்டைத் தாண்டி இழுக்க வேண்டி வரும். ஒரு பெருவிரல் அகலம் தாண்டிவிட்டால் பட்டி நீண்டுவிட்டது, மாற்றுங்கள். வெல்க்ரோ இரவில் தானாகக் கழன்றாலும் அதே முடிவு. சட்டகம் வெடிக்காத வரை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் சட்டகத்தில் பார்க்க வேண்டிய இரண்டு இடம் உண்டு. மூச்சை வெளிவிடுவதற்கான சிறு துளைகள் திறந்திருக்க வேண்டும். சத்தம் வருகிறது என்று அவற்றை ஒட்டி மூடுவது ஆபத்து, வெளிவிட்ட காற்றையே மறுபடி சுவாசிப்பீர்கள். வாயையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில், குழாய் பொருந்தும் வளைவில் ஒரு சிறிய சிலிக்கன் கதவு இருக்கும். மின்சாரம் நின்று காற்று வராவிட்டால் அது தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கதவு சுருண்டோ, ஒட்டிக்கொண்டோ, கிழிந்தோ இருந்தால் அந்த மாஸ்க்கை அன்றிரவே பாவிக்கக்கூடாது. நான் மாதந்தோறும் தவறாமல் பார்ப்பது இதை.

வடிகட்டியும் சோளகக் காற்றும்

வடிகட்டிக்கும் திகதி உதவாது. எங்கள் ஊரில் காற்றுத்தான் அதன் கலண்டர். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் பக்கத்து வீடுகளில் யன்னல் விளிம்பைத் தொட்டால் விரல் சிவக்கும். அந்தத் தூசி முழுவதும் இயந்திரத்தின் பின்பக்கத்துச் சின்னப் பஞ்சில்தான் வந்து நிற்கிறது. மாரியில் தூசி குறையும், ஈரலிப்புக் கூடும். அப்போது பார்க்க வேண்டியது பூஞ்சணப் புள்ளி.

வெள்ளையான, தாள்போன்ற வடிகட்டியைக் கழுவக்கூடாது. கழுவினால் இழைகள் குலைந்துவிடும். சாம்பல் பூத்துவிட்டால் எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ரெஸ்மெட் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்கிறது. சோளக காலத்தில் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. பிலிப்ஸ் இயந்திரங்கள் சிலவற்றில் இரண்டு இருக்கும்: தடித்த பஞ்சைக் கழுவி நன்றாகக் காயவைத்து மறுபடி போடலாம், மெல்லிய வெளிர்நிறத்தைக் கழுவக்கூடாது. எதையும் ஈரத்தோடு திரும்பப் பொருத்த வேண்டாம். வடிகட்டி இல்லாமல் ஒரு இரவும் ஓட்ட வேண்டாம்.

நுளம்புத்திரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டிலுக்குக் கீழே திரி புகைய, பக்கத்து ஸ்ரூலில் இயந்திரம் காற்றை இழுத்துக்கொண்டிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையை இந்த வடிகட்டி முழுதாக நிறுத்தாது. இரவு முழுதும் அழுத்தத்தோடு நெஞ்சுக்குள் போகிறது. வலை கட்டுங்கள். இயந்திரத்தை நிலத்தில் வைக்காமல், திரைச்சீலைக்கு ஒதுக்குப்புறமாக, கட்டிலை விடப் பதிவான மேசையில் வையுங்கள்.

குழாய்

சைக்கிள் ரியூபை ஒட்டுக்காரர் சோதிப்பதுபோல இதையும் சோதிக்கலாம். கழுவும்போது, சூடாக்கும் கம்பி இல்லாத சாதாரணக் குழாயை ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு வாயை உள்ளங்கையால் அடைத்து மறு வாயால் ஊதுங்கள். குமிழி வந்தால் துளை. அநேகமாக அது முனையில், இறப்பர் வளையம் சேரும் இடத்தில் இருக்கும். டேப் சுற்றி ஒப்பேற்றுவது ஒரு இரவுக்குத்தான்.

குமிழி வராவிட்டாலும், உட்புறத்தில் கறுப்புப் புள்ளியோ, கழுவியும் போகாத வாடையோ இருந்தால் மாற்றிவிடுங்கள். சாதாரணக் குழாயின் முனை 22 மில்லிமீற்றர் என்ற பொது அளவு. அநேகமான நிறுவனங்களின் குழாயும் மாஸ்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சூடாக்கும் குழாய் அப்படியல்ல, அந்தந்த இயந்திரத்துக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும். அதைத் தண்ணீரில் போடுமுன் கைநூலைப் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டியும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடே வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை எல்லாருக்கும் தெரியும். அதே பொருக்கு இயந்திரத்தின் தொட்டியிலும் படிகிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் உப்பு எல்லாம் போய்விடாது. காய்ச்சி வடித்த நீர்தான் சரி. கராஜில் பற்றரிக்கு விற்கும் தண்ணீரை ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது மூச்சுக்காகத் தயாரிக்கப்பட்டதல்ல, வேண்டாம். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத நாளில், தொட்டியை வெறுமையாக்கி, ஈரப்பதத்தை நிறுத்திவிட்டும் இயந்திரத்தை ஓட்டலாம். எங்கள் ஈரக்காற்றில் பலருக்கு அது தாங்கக்கூடியதே.

வெள்ளைப் படிவு மட்டும் என்றால் தொட்டியை எறிய வேண்டாம். ஒரு பங்கு வினாகிரிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். அதற்கும் போகாத படிவு, பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு, விளிம்பின் இறப்பர் வளையம் இறுகிப்போதல், இளஞ்சிவப்பு அல்லது கறுப்பு வழுவழுப்பு இவற்றில் எது தெரிந்தாலும் புதிய தொட்டிதான். வெடிப்பைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். பசையின் ஆவி சூடான தண்ணீரோடு மூச்சுக்குள் வரும். ஒழுகும் தண்ணீர் இயந்திரத்துக்குள் இறங்கினால் செலவு பல மடங்காகும்.

இயந்திரமும், உறவினர் அனுப்பிய இயந்திரமும்

நன்றாகப் பார்த்துக்கொண்ட இயந்திரம் ஐந்து வருடத்துக்கு நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். அதைத் தாண்டியும் ஓடுபவை உண்டு. மோட்டாரின் ஆயுள் முடிந்தது என்ற அறிவித்தல் திரையில் வருவது, புதிதாக ஓர் இரைச்சல், எரியும் வாடை, அடிக்கடி தானாக நிற்பது ஆகியவை வந்தால் வைத்தியரிடமும் விற்றவரிடமும் பேசும் நேரம் வந்துவிட்டது.

இங்கே பல வீடுகளில் இருப்பது லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒருவர் பாவித்துவிட்டு அன்போடு அனுப்பியது. அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான்கு விடயம் பாருங்கள். அழுத்தம் உங்கள் பரிசோதனைப்படி வைத்தியர் சொன்னபடி மாற்றப்பட வேண்டும். மாஸ்க், குழாய், வடிகட்டி, தொட்டி நான்கும் புதிதாக இருக்க வேண்டும். மின்பொருத்தியின் அடியில் 100 முதல் 240 வோல்ற் என்று எழுதியிருக்க வேண்டும். 120 மட்டும் என்றால் எங்கள் 230 வோல்ற்றில் செருகக்கூடாது. கடைசியாக, பிலிப்ஸ் என்றால் அதன் வகையையும் வயதையும் பாருங்கள். 2021 ஜூனில் அந்த நிறுவனம் முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் உட்படப் பல வகைகளைத் திரும்பப் பெற அறிவித்தது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து, துகளாகவும் ஆவியாகவும் காற்றில் கலக்கலாம் என்பது காரணம். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்தால் அது இன்னும் மோசமாகலாம். குழாயில் கறுப்புத் துகள் கண்டால் உடனே வைத்தியரிடம் பேசுங்கள்.

முன்கூட்டியே சொல்லிவைத்தல்

பழுதான பிறகு தேடினால் இங்கே உங்கள் அளவு அன்றே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒரு குஷனும் நான்கைந்து வடிகட்டியும் எப்போதும் அலுமாரியில் இருக்கட்டும். கையிருப்பை எடுத்துப் பாவிக்கத் தொடங்கும் நாளே அடுத்ததைச் சொல்லிவைக்கும் நாள். நல்லூர் கொடியேற்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் கேட்கலாம். குஷனும் வடிகட்டியும் பெட்டியில் ஒரு மூலையைக்கூடப் பிடிக்காது. ஆனால் புறப்படும் கிழமையில் அல்ல, இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லுங்கள்.

சொல்லும்போது "மாஸ்க் ஒன்று" என்று சொல்லாதீர்கள். சட்டகத்தில் பொறித்திருக்கும் பெயர், குஷனின் ஓரத்தில் இருக்கும் அளவு எழுத்து, இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வகைப்பெயர் மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். புதிய வகை மாஸ்க் என்றால் கொளுக்கியில் காந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவரோ, உடலுக்குள் காந்தத்தால் பாதிக்கப்படும் கருவி உள்ளவரோ, அவர் அருகில் படுப்பவரோ அதைப் பாவிக்கக்கூடாது. காந்தமில்லாத வகைகள் உண்டு.

புதிய குஷன் போடும் நாளில் பழையதைக் கழுவிக் காயவைத்து, கிழிவு இல்லை என்றால் ஒரு பையில் திகதி எழுதி வையுங்கள். புதியதை நாய்க்குட்டி கடித்த இரவுக்கு அது போதும். அடுத்த புதியது வந்ததும் அதை எறிந்துவிடுங்கள்.